பந்துக்கு இல்லாத தீட்டு பாலுவுக்கு ஏன்?

சென்ற மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்திற்கு ஒரு கூட்டத்தின் பொருட்டுப் போகும் வழியில், தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக் கொண்டிருந்ததைச் சற்று நேரம் நின்று பார்த்தோம். ஒரு பையன் பந்து போட வந்தான். அவன் வந்த பத்து நிமிஷத்திற்குள் எதிர்க்கட்சியில் நாலு பேர் மட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தார்கள். கரையில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆட்டம் முடிந்தது. பையன்கள் ஒரு பிளாஸ்டிக் குடத்தருகே போய் ஒரே டம்ளரில் மொண்டு மொண்டு குடித்தார்கள். பந்து போட்ட பையன் மாத்திரம் எட்ட நின்றான். ஒருவன் மேலிருந்து ஊற்ற, அவன் இரண்டு கைகளையும் குவித்து வாங்கிக் குடித்தான்.

காரணம் கேட்டோம். "அவன் அந்தத் தெருப் பையன்" என்று பதில் வந்தது. எந்தத் தெரு என்று நாமும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நம் நாட்டில் இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை அல்லவா? கூட நின்ற ஒரு பெரியவர் நம்மைச் சமாதானம் செய்ய எண்ணி, "ஐயா, இதெல்லாம் இன்னும் கொஞ்ச காலந்தான். பையனிடம் சரக்கு இருக்கிறது. ஆடி முன்னுக்கு வந்துவிட்டானானால் அப்புறம் எவன் ஜாதி பார்க்கப் போகிறான்?" என்றார்.

அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் திறமை இருந்தால் ஜாதி தானாகப் போய்விடும் என்கின்ற இந்தப் பேச்சு, நம் மக்களை ஏமாற்றுவதற்கென்றே வெகு காலமாகச் சொல்லப்பட்டு வருகின்ற பேச்சாகும். இது மெய்யா பொய்யா என்று நாம் ஆராய்ந்து கஷ்டப்பட வேண்டியதே இல்லை. ஏனெனில், இதே பந்து போடுகிற வேலையில் இந்த நாட்டிலேயே முதன்மையாய் விளங்கிய ஒரு மனிதர் தம் ஆயுள் முழுவதும் இதைப் பரீட்சை செய்து காட்டிவிட்டே போயிருக்கிறார். அவர் பெயர் பல்வங்கர் பாலு. பெயர் நம்மூர்ப் பெயர் போல இருந்தாலும் நம்மில் நூற்றுக்கு ஒருவராவது அவரைக் கேள்விப்பட்டிருப்போமா என்பது சந்தேகந்தான்.

பாலு 1876ம் வருஷம் தார்வாரில் பிறந்தவர். சாமர் என்று சொல்லப்படும் ஜாதி. அதாவது தோல் வேலைக்கென்று ஒதுக்கித் தள்ளப்பட்ட ஜாதி. நம் பக்கத்தில் அருந்ததியரை எந்தக் காரணம் சொல்லி ஊருக்கு வெளியே வைத்தார்களோ, அதே காரணத்தைச் சொல்லித்தான் அங்கே அவர்களையும் வைத்திருந்தார்கள். பூனாவில் பார்சிக்காரர்களின் கிரிக்கெட் மைதானத்தில் தரையைப் பெருக்கி உருட்டிச் சீர் செய்கின்ற வேலை அவருக்குக் கிடைத்தது. சம்பளம் மாதம் 3 ரூபாய். பிறகு வெள்ளைக்காரரின் பூனா கிளப்பில் மாதம் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். தரை உருட்டுவதும், கோடு போடுவதும், வலை கட்டுவதும், பிறகு துரைமார்கள் மட்டை பழகுவதற்குப் பந்து போடுவதும் அங்கே அவர் வேலை. கிரேக் என்ற துரை அக்காலத்தில் மட்டை பிடிப்பதில் பெயர் போனவர். தம்மை ஒரு தடவை அவுட்டாக்கினால் எட்டணா என்று அவர் பாலுவுக்குக் கொடுத்து வந்ததாகச் சொல்லுவார்கள். இப்படியாக மணிக்கணக்கில், மாதக்கணக்கில் இடது கையால் பந்து போட்டுப் போட்டு, பந்து எங்கே விழ வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலுக்கு அடங்கிப் போய்விட்டது.

இதில் ஒரு விஷயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அத்தனை காலம் பந்து போட்டவருக்கு ஒரு நாளாவது மட்டை பிடிக்க அந்தக் கிளப்பில் இடங் கொடுக்கவில்லை. ஏனென்றால், வெயிலில் ஓடி ஓடிப் பந்து போடுவது வேலை. நின்ற இடத்தில் நின்று அடிப்பது துரைத்தனம். நம்மூரில் நாற்று நடுகிறவன் ஒருவன், களத்து மேட்டில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அளந்து வாங்குகிறவன் ஒருவன் என்று இருக்கிறதே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இது நிற்க, வெள்ளைக்காரரைப் பந்தாட்டத்தில் ஜெயிக்க வேண்டுமென்ற ஆசை பூனா இந்துக்களுக்கும் வந்தது. ஜெயிக்க வேண்டுமானால் பாலு வேண்டும். பாலுவைச் சேர்த்தால் ஆசாரம் என்னாவது? பார்ப்பன ஆட்டக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். கடைசியில் ஒரு "ஏற்பாடு" கண்டுபிடித்தார்கள். மைதானத்திற்குள் பாலு எல்லோருடனும் ஆடலாம். எல்லோரும் தொடுகின்ற பந்தைத் தொடலாம். மைதானத்தை விட்டு வெளியே வந்தவுடன், மற்றவர்கள் பெவிலியனுக்குள் உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடிப்பார்கள். பாலுவுக்கு வெளியே, குடித்ததும் வீசி எறிகின்ற மண் குவளையில். சாப்பாடும் அவருக்குத் தனியே.

தோழர்களே! இந்த ஏற்பாட்டின் யோக்கியதையைச் சற்று ஆலோசித்துப் பாருங்கள். கிரிக்கெட் பந்து எதனால் ஆனது? உள்ளே தக்கையும் நூலும், மேலே தோல். என்ன தோல்? மாட்டுத் தோல். மாட்டுத் தோலைத் தொட்டுப் பதனிடுகிறான் என்று சொல்லித்தானே பாலுவின் ஜாதியைத் தீண்டத்தகாததென்று ஆக்கினார்கள்? அந்தத் தோலைக் காலில் பூட்ஸாக மாட்டிக் கொண்டு, கையில் பந்தாகப் பிடித்துக் கொண்டு, பிடித்த சந்தோஷத்தில் அதை மார்போடும் அணைத்துக் கொள்ளுகிற ஆசாமிக்கு, அந்தத் தோலைப் பதனிட்டவன் ஜாதியில் பிறந்தவரோடு உட்கார்ந்து ஒரு வாய் தேநீர் குடித்தால் தீட்டு வந்துவிடும் என்றால், தீட்டு என்பது தோலில் இருக்கிறதா, மூளையில் இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்கிறோம். பந்து பளபளப்பாயிருக்கும் பொருட்டு அதில் வியர்வையையும் எச்சிலையும் தடவித் தேய்ப்பது அந்த ஆட்டத்தின் வெகு நாளைய வழக்கம். அந்தப் பந்துதான் 11 பேர் கையிலும் மாறி மாறிப் போகும். எச்சில் தீட்டென்று சாஸ்திரம் பேசியவர்களில் ஒருவராவது அப்போது வாய் திறந்ததுண்டா? 2020ல் கொரோனா வந்த பிறகுதான் பந்தில் எச்சில் தடவக் கூடாதென்று உலகக் கிரிக்கெட்டில் விதி செய்தார்கள். 2022ல் அதை நிரந்தரமாக்கினார்கள். அது அறிவினால் செய்த விதி. அந்த விதி எவனுடைய எச்சில் என்று ஜாதி கேட்கவில்லை; எல்லோர் எச்சிலும் ஒன்றே என்றது. கிருமிக்குத் தெரிந்த சமத்துவங்கூடச் சாஸ்திரத்திற்குத் தெரியவில்லை!

பூனாவில் 1896ல் பிளேக் நோய் பரவியது. பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை பார்த்துக் கொண்டே அங்குள்ள இந்துக்களின் கட்சியில் ஆடினார். 1906ல் பம்பாயில் இந்துக் கட்சி வெள்ளைக்காரர் கட்சியை 109 ஓட்ட வித்தியாசத்தில் தோற்கடித்தது. ஆளுகின்ற ஜாதியை ஆளப்படுகின்றவர்கள் ஜெயித்ததென்று நாடெல்லாம் பேச்சாயிருந்தது. அந்த ஜெயத்திற்கு முக்கிய காரணம் பாலுவின் கை. அவருடைய தம்பி சிவராமும் அந்த ஆட்டத்தில் ஆடினார். 1911ல் இந்தியக் கட்சியொன்று பாட்டியாலா மகாராஜாவைத் தலைவராக வைத்துக் கொண்டு இங்கிலாந்துக்குப் போயிற்று. கட்சி பெரும்பாலும் தோற்றே திரும்பியது. ஆனால் பாலு மாத்திரம் அந்தப் பிரயாணத்தில் 114 விக்கெட்டுகள் எடுத்தார். அவருடைய வாழ்நாளில் முதல்தர ஆட்டங்கள் 33தான். அவற்றில் அவர் எடுத்தவை 179 விக்கெட்டுகள். விக்கெட் ஒன்றுக்குக் கொடுத்த ஓட்டம் சராசரி 15 சொச்சம். அந்நாளில் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அவர் எவ்வளவு பெருமையாயிருந்தார் என்பதற்கு, அவரைப் பாராட்ட முன்வந்தவர்களில் அப்போது இளைஞராயிருந்த அம்பேத்கரும் ஒருவர் என்பதே போதும்.

ஆகவே, திறமை இருந்ததா என்றால் இருந்தது. நிரூபித்தாரா என்றால் சீமை வரை போய் நிரூபித்தார். சரி, ஜாதி போயிற்றா?

கட்சியின் தலைமையைப் பாருங்கள். பத்து வருஷ காலமாக வருஷந்தோறும் தலைவரைத் தெரிந்தெடுக்கும் போதெல்லாம் பாலுவின் பெயர் அடிபடும். வருஷந்தோறும் அவரைத் தாண்டி வேறொருவருக்குத் தலைமை போகும். 1913ல் தலைவராயிருந்த பை என்பவர் பார்ப்பனர்தான். ஆனால் யோக்கியர். தமக்குப் பாராட்டு நடந்த இடத்திலேயே, வயதிலும் அனுபவத்திலும் மூத்தவரான பாலுவுக்கே இந்தத் தலைமை போயிருக்க வேண்டுமென்று அவரே சொன்னார். சொல்லியும் என்ன? பந்து போட வேண்டியபோது பாலு இந்து; வெள்ளைக்காரனை ஜெயிக்க வேண்டியபோது பாலு இந்து; பத்து இந்துக்களுக்கு உத்தரவிட வேண்டிய இடம் வந்தபோது மாத்திரம் அவர் சாமர் ஆகிவிட்டார்.

பிறகு என்ன நடந்தது என்பதுதான் நம் இளைஞர்கள் முக்கியமாய் அறிய வேண்டியது. 1920ல் பை ஆட முடியாமற் போயிற்று. நியாயப்படி தலைமை பாலுவின் இன்னொரு தம்பி விட்டலுக்கு வந்திருக்க வேண்டும். அவரையும் தாண்டி மேல் ஜாதிக்காரர் ஒருவருக்குக் கொடுத்தார்கள். விட்டலும் சிவராமும் அழவில்லை, மனுப் போடவில்லை, "காலம் வரும்" என்று காத்திருக்கவுமில்லை. காரணத்தைப் பகிரங்கமாய் எழுதி வெளியிட்டு, இந்தக் கட்சியில் நாங்கள் ஆடுவதில்லை என்று விலகிக் கொண்டார்கள். ஊரெல்லாம் பேச்சாயிற்று. உடனே கதவு சற்றுத் திறந்தது. அடுத்த ஆட்டத்தில் பாலுவை உபதலைவராக்கினார்கள். தலைவர் சற்று மைதானத்தை விட்டுப் போன சமயத்தில் பாலு கட்சியை நடத்தினார். அப்போது அவருக்கு வயது 44. மூன்று வருஷங் கழித்து 1923ல் விட்டல் முழுத் தலைவரானார். அந்த வருஷம் அவர் தலைமையில் இந்துக் கட்சி வெள்ளைக்காரரை ஜெயித்தது. வானம் இடிந்து விழவில்லை.

கணக்குப் பாருங்கள். திறமை மாத்திரம் இருந்த வரையில் கிடைத்தது கைதட்டலும் மண் குவளையும். சுயமரியாதையோடு "மாட்டேன்" என்று ஒரு சொல் சொன்ன பிறகே கிடைத்தது தலைமை. இதைவிட வேறு ருஜு என்ன வேண்டும்?

இன்றைக்குப் படிப்பிலும் உத்தியோகத்திலும் நமக்குரிய பங்கைக் கேட்டவுடன் "தகுதி, தகுதி" என்று கூப்பாடு போடுகிறார்களே, அவர்களைக் கேட்கிறோம். பாலுவைவிடத் தகுதி எவனுக்கு இருந்தது? பத்து வருஷம் அந்தத் தகுதியை ஏன் நீங்கள் மதிக்கவில்லை? தகுதி என்பது நம்மை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகின்றபோது மாத்திரம் உங்கள் நினைவுக்கு வருகின்ற சரக்கு என்றுதானே ஏற்படுகிறது?

பாலுவின் பிற்கால அரசியலையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 1932ல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். 1937ல் பம்பாய்ச் சட்டசபைத் தேர்தலில் அம்பேத்கருக்கு எதிராகக் காங்கிரஸ் பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு. பாலுவுக்கு 11,225 வாக்கு. இதற்காக நாம் பாலுவை ஏசப் போவதில்லை. அவர் தமக்குத் தோன்றிய வழியில் போனார். ஆனால், பத்துப் பேர் ஆடுகிற ஆட்டத்திற்கு ஒரு நாள் தலைமை கொடுக்க மனம் வராத சமூகத்திற்கு, அவருடைய மக்களின் தலைவரைத் தோற்கடிக்க வேண்டுமென்றவுடன் அவர் பெயர் எப்படி இனித்தது என்பதைத்தான் கவனிக்கச் சொல்லுகிறோம். பாலு 1955ல் காலமானார்.

இந்த அநியாயம் இந்த நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கேயும் பந்தெறிகிறவன் கையில்தான் ஆட்டமே இருக்கிறது. சாட்சல் பேய்ஜ் என்ற கறுப்பர் 1906ல் பிறந்தவர். அவரைப் போலப் பந்தெறிந்தவர் வெகு சிலர். ஆனால் வெள்ளையர் ஆடும் பெரிய சங்கங்களில் கறுப்பருக்கு இடமில்லை. அப்படிச் சட்டம் ஏதாவது எழுதி வைத்திருந்தார்களா என்றால் இல்லை. நம்மூர்த் தேநீர்க் கடை இரட்டைக் குவளையைப் போல, எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். 1947ல் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பர் அந்தச் சுவரை உடைத்து உள்ளே போன பிறகு, 1948ல் கிளீவ்லாந்து சங்கம் பேய்ஜைச் சேர்த்துக் கொண்டது. அப்போது அவருக்கு வயது 42. அந்த வயதிலும் அந்த வருஷம் 6 ஆட்டம் ஜெயித்து ஓர் ஆட்டம் மாத்திரமே தோற்றார். அவருடைய சங்கம் அவ்வருஷம் நாட்டின் முதற் பரிசையே வாங்கியது. 1971ல் ஆட்டத்தின் மகா புருஷர்களுக்கென்று வைத்திருக்கும் மண்டபத்தில் அவர் பெயரை வைக்கும்போதுங்கூட, கறுப்பருக்குத் தனிப் பகுதி என்றுதான் முதலில் அறிவித்தார்கள். கண்டனம் எழுந்த பிறகே சமமாக வைத்தார்கள். கறுப்பர் சங்கங்களின் ஆட்டங்களைப் பெரிய ஆட்டங்களென்று 2020ல் ஒப்புக் கொண்டு, 2024ல்தான் கணக்கில் சேர்த்தார்கள். பேய்ஜ் 1982லேயே காலமாகிவிட்டார். செத்த பிறகு வருகிற சமத்துவத்தை வைத்துக் கொண்டு செத்தவர் என்ன செய்வார்?

சரி, நம் ஊர்களுக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை வாங்குகிறவர் யாராவது, பாலைக் கறந்தவர் யார், அடுப்பில் நின்று கிண்டினவர் யார் என்று ஜாதி கேட்டு வாங்குகிறாரா? ராஜபாளையத்திற்குப் பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கின்ற பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள ஆஸ்பத்திரிகளுக்குப் போய், யார் யாருடைய காயத்திலோ சுற்றப்படுகிறது. காயம் பட்டவன் நெய்தவனுடைய ஜாதியைக் கேட்பதுண்டா? வாய்க்கும் வயிற்றுக்கும் ரத்தத்திற்கும் ஜாதி வேண்டாம். தண்ணீர்க் குடத்திற்கும் டம்ளருக்கும் மாத்திரம் ஜாதி வேண்டுமா?

ஆடிப்பூரத்திற்குத் தேர் இழுக்கிறார்கள். வடம் பிடிக்க எல்லோருடைய தோளும் வேண்டியிருக்கிறது. தேர் நிலைக்கு வந்தபின் உள்ளே போவதற்கு மாத்திரம் அளவு படி. 2024 டிசம்பரில் அந்தக் கோயில் அர்த்த மண்டப வாசலில் இசையமைப்பாளர் இளையராஜா நிறுத்தப்பட்டார் என்று செய்தி வந்தது. அங்கே ஜீயர்களும் அர்ச்சகர்களும் தவிர வேறு யாரும் போவது வழக்கமில்லை என்று கோயில் தரப்பில் சொன்னார்கள். நடக்காததை நடந்ததாகச் சொல்லுகிறார்கள், தாம் சுயமரியாதையை விட்டுக் கொடுப்பவரல்ல என்று அவர் சொன்னார். அவர் சொன்னதை நாம் மறுக்கவில்லை. அவரை இந்த வழக்கில் சாட்சிக்கும் இழுக்கவில்லை. நாம் கேட்பது அந்தப் படியைப் பற்றித்தான். இந்தப் படிவரை இன்னார், அந்தப் படிவரை இன்னார் என்று பிறப்பைக் கொண்டு அளந்து வைத்த வழக்கம் கோயிலில் இருக்கின்ற வரையில், அதைப் பார்த்து வளர்கின்ற பையன்கள் கண்மாய்க்குள்ளும் அதே படியைத்தானே கட்டுவார்கள்? பூனாவின் பெவிலியன் படியும் இதைப் பார்த்துக் கட்டியதுதானே? சாமி பெயரால் பழகிய வித்தை ஆட்டத்தின் பெயராலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்து இளைஞர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். தெருவுக்கொரு கட்சி, ஜாதிக்கொரு கட்சி என்று ஆடாதீர்கள். இரண்டு தெருப் பையன்களையும் கலந்து இரண்டு கட்சியாகப் பிரித்துக் கொள்ளுங்கள். பரிசுப் பந்தயம் நடத்துகிறவர்கள் கட்சியின் பெயரிலோ, நோட்டீசிலோ, சட்டையிலோ ஜாதியைப் போட்டால் அந்தப் பந்தயத்திற்குப் போகாதீர்கள். நன்றாய்ப் பந்து போடுகிறவனுக்கு மட்டையையும் கொடுங்கள். முறை வரும்போது தலைமையையும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் குடத்தையும் டம்ளரையும் அவன் கையில் கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டியதில்லை. சட்டம் வர வேண்டியதில்லை. சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை. நாளை சாயங்காலமே செய்யலாம்.

எட்ட நிற்கிற பையனுக்கும் ஒரு சொல். தம்பி! உன் கையில் உள்ள வித்தையைப் பார்த்து நாமும் கைதட்டினோம். ஆனால் கைதட்டலை மரியாதையென்று எண்ணிவிடாதே. இனிமேல் எவனாவது மேலிருந்து தண்ணீர் ஊற்ற வந்தால் கையைக் குவிக்காதே, டம்ளரைக் கேள். கொடுக்காவிட்டால் பந்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போ. நீ இல்லாமல் அவர்கள் ஜெயிக்க முடியாது என்பது உனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். விட்டலும் சிவராமும் 1920ல் செய்த காரியம் அதுதான்.

அந்தப் பையனின் தகப்பனாருக்கும் தாயாருக்கும், "பொறுத்துப் போடா" என்று அவனுக்குப் புத்தி சொல்ல வேண்டாமென்று கேட்டுக் கொள்ளுகிறோம். பாலு பொறுத்தார், 44 வயது வரை பொறுத்தார். உங்கள் பிள்ளைக்கு வயது 15தான் இருக்கும். இன்னும் 29 வருஷம் அவன் கையைக் குவித்துக் கொண்டு நிற்க வேண்டுமா?